கல்லாவில் யார் உட்காருவது?



சங்கக் கூட்டம் முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் நம் காதில் அடிக்கடி விழும் பேச்சு ஒன்று உண்டு. "அப்பா வைத்துவிட்டுப் போன கடை. ஏதோ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மனசு ஒட்டவில்லை." இதைச் சொல்பவர்கள் இளைஞர்கள் அல்லர். நாற்பது, நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள்; நல்ல வியாபாரம் நடத்துகிறவர்கள்; கடன் தொல்லை இல்லாதவர்கள். கடை வாடகை, எடை முத்திரை, வரி பற்றியெல்லாம் மணிக்கணக்கில் பேசும் நாம், இந்தப் பேச்சு வந்தவுடன் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுகிறோம். இம்மாதப் பாடத்தை அதைப் பற்றியே வைத்துக்கொள்வோம்.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தொழில் பிடிக்கவில்லை என்கிறவர்களில் பலருக்குப் பிடிக்காமல் போனது தொழில் அல்ல. அந்தத் தொழிலுக்குள் அவர் உட்கார்ந்திருக்கும் இடம்தான். இடத்தை மாற்றிப் பார்க்காமல் தொழிலைப் பழிப்பது, படி சரியில்லை என்று பார்க்காமல் பருப்பைக் குறை சொல்வது போன்றது.

ஒரு கூரை, பல வேலைகள்

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மளிகைக் கடை ஒரே வேலை. உள்ளே இருக்கும் நமக்குத் தெரியும், அது ஐந்தாறு வேலைகளின் கூட்டு என்று. அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத குணங்களைக் கேட்பவை.

கொள்முதலை எடுத்துக்கொள்ளுங்கள். புதுத் துவரை டிசம்பர், ஜனவரியில் கலபுரகிப் பக்கம் வரத்து தொடங்கும். சீரகத்திற்குக் குஜராத்தின் ஊஞ்சா சந்தையைப் பார்க்க வேண்டும். மல்லிக்கு இராஜஸ்தானும் மத்தியப் பிரதேசமும். புதுப்புளி மாசி, பங்குனியில் இறங்கும். இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு, எந்த வாரம் வாங்குவது, எந்த வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்று முடிவு செய்ய வேண்டும். மூட்டையின் வாய்ப்பக்கம் இருக்கும் சரக்கை நம்பாமல் நடுவில் குத்தூசி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். பருப்பைக் கடித்து ஈரம் பார்க்க வேண்டும். தரகர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் விலை ஒத்து வரவில்லை என்றால் எழுந்து வந்துவிட வேண்டும். சந்தேகப் புத்தியும் பொறுமையும் உள்ள மனிதருக்கு இது திருவிழா. மனிதர்களை உடனே நம்பிவிடுகிறவருக்கு இது தினசரி நஷ்டம்.

கல்லாவும் தராசும் இதற்கு நேர் எதிர். அங்கே சந்தேகப் புத்தி உதவாது. வருகிறவர் பெயர், அவர் வீட்டில் எந்த எண்ணெய், பேரனுக்குக் காய்ச்சல் தேவலையா என்பதெல்லாம் நாவில் நிற்க வேண்டும். ஒரே கேள்வியை நாற்பது பேர் கேட்டாலும் நாற்பதாவது ஆளுக்கும் முதல் ஆளுக்குச் சொன்ன முகத்தோடு பதில் சொல்ல வேண்டும்.

கணக்கு இன்னொரு உலகம். 1959-ஆம் ஆண்டு விற்பனை வரிச் சட்டம் போய், 2007 ஜனவரியில் மதிப்புக் கூட்டு வரி வந்து, 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்த பிறகு, கணக்கு என்பது இரவில் சிட்டையைப் பேரேட்டில் ஏற்றும் வேலையாக மட்டும் இல்லை. தனிமையில் உட்கார்ந்து ஒரு ரூபாய் வித்தியாசத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதில் இன்பம் காண்கிற ஆள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் உண்டு, நாம் பார்த்திருக்கிறோம்.

கிடங்கு, பொட்டலம், வெளியூர் ஆர்டர், பாக்கி வசூல் என்று மற்றவை இருக்கின்றன. வசூலைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம்.

திருக்குறளின் 52-ஆம் அதிகாரத்திற்குத் 'தெரிந்து வினையாடல்' என்று பெயர். ஆளின் தன்மை அறிந்து வேலையில் அமர்த்துவதைப் பற்றியது அது. அரசனுக்குச் சொன்னது என்று நாம் தள்ளிவிடுகிறோம். கடைப் பையனை அமர்த்தும்போதாவது கொஞ்சம் யோசிக்கிறோம். நம்மையே நாம் அமர்த்திக்கொள்ளும்போது யோசிப்பதே இல்லை. மூத்தவர் என்றால் கல்லா. அவ்வளவுதான்.

நம் கடையில் நடந்தது

பிறர் கதை எதற்கு? நம் கதையையே சொல்கிறோம்.

தந்தையார் 1998-இல் காலமானார். கடை நமக்கும் தம்பிக்குமாக வந்தது. மூத்தவர் என்பதால் நாம் கல்லாவில் அமர்ந்தோம். தம்பி மண்டிக்குப் போனார். பதினோரு வருடம் அப்படியே ஓடியது.

நமக்கு முன்கோபம் உண்டு. நூறு கிராம் சீரகத்தை மூன்றாவது தடவை நிறுத்துக் காட்டச் சொன்னால் முகம் மாறிவிடும். வார்த்தை தடித்ததில்லை, ஆனால் முகம் பேசிவிடும். மாலை ஆறு மணிக் கூட்டம் வந்தாலே நமக்குத் தலைவலி வரும். வியாபாரிக்குக் கூட்டத்தைப் பார்த்துத் தலைவலி என்றால் வெளியில் சொல்ல முடியுமா? சொல்லவில்லை.

தம்பி அதற்கு நேர்மாறு. தெருவில் போகும் ஆளைக் கூப்பிட்டுப் பேசுகிற சுபாவம். மண்டியில் தரகர் தோளில் கை போட்டு "நம்ம சரக்கு அண்ணாச்சி, கண்ணை மூடிக்கிட்டு ஏத்துங்க" என்றால், நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிவிடுவார். 2004-இல் அப்படி வந்து இறங்கிய நாற்பது மூட்டை மல்லியில் பாதிக்கு மேல் ஈரம். ஒரு மாதத்தில் பூசணம் பூத்துவிட்டது. அந்த வருடத் தீபாவளிக்கு இரண்டு குடும்பத்திலும் புதுத்துணி சிக்கனமாகத்தான் எடுத்தோம். தம்பியை நாம் திட்டியது இன்றும் நினைவிருக்கிறது. அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2009-இல் நமக்கு மஞ்சள் காமாலை. ஆறு வாரம் படுக்கை. வேறு வழியில்லாமல் தம்பி கல்லாவில் உட்கார்ந்தார். சரக்கைப் போனிலேயே சொல்லி அவசரத்திற்கு மட்டும் வரவழைத்தார். எழுந்து வந்து பேரேட்டைப் பிரித்தால், இரண்டு மூன்று வருடமாகக் காணாமல் போயிருந்த வாடிக்கையாளர் பெயர்கள் திரும்ப வந்திருந்தன. ஓய்வு பெற்ற ஆசிரியர் வீட்டு அம்மா ஒருவர், நம்மைக் கல்லாவில் பார்த்ததும் சிரித்துக்கொண்டே கேட்டார்: "தம்பி எங்க அண்ணாச்சி? நீங்க வந்துட்டீங்களா?" வேடிக்கையாகத்தான் கேட்டார். அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. உடம்பு தேறும் வரை கடையில் நிற்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதால், பொழுது போகாமல் ஒரு நாள் காலை மண்டிக்குப் போனோம். உளுந்தில் மூன்று ரகம் வந்திருந்தது. ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, கல்லையும் சொத்தையையும் பொறுக்கி எண்ணி, விலையைக் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். மணி ஒன்றரை ஆனது தெரியவில்லை. பத்தியக் கஞ்சி வீட்டில் ஆறிக் கிடந்தது. பதினோரு வருடமாகக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கடை நடத்திய நமக்கு, அன்றுதான் கடிகாரம் மறந்தது.

இடத்தை மாற்றிக்கொண்டோம். இத்தனை எளிதாக எழுதிவிட்டோம். நடந்தது அத்தனை எளிதல்ல. கல்லா என்பது உட்காரும் இடம் மட்டும் அல்லவே, அது உரிமையாளர் என்பதற்கு ஊர் வைத்திருக்கும் அடையாளம். "மூத்தவர் வெயிலில் மண்டிக்கு அலைகிறார், இளையவர் மின்விசிறிக்கு அடியிலா?" என்று உறவில் பேச்சு வந்தது. வீட்டுப் பெண்களுக்குள் இரண்டு மாதம் சரியான பேச்சுவார்த்தை இல்லை. பாகப்பிரிவினை ஆகிவிட்டதோ என்று சரக்குப் போடும் ஒருவர் சந்தேகப்பட்டு, முப்பது நாள் தவணையை நிறுத்தி ரொக்கம் கேட்டார். ஒரு பருவம் முழுவதும் அந்த முடை இருந்தது.

இதிலிருந்து நாம் கற்றதை அழுத்திச் சொல்கிறோம். இடம் மாற்றும் முன்பு பங்கை எழுத்தில் வைத்துவிடுங்கள். யார் எங்கே உட்கார்ந்தாலும் இலாபத்தில் இன்னின்ன பங்கு என்று கூட்டு ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, 1932-ஆம் ஆண்டு கூட்டு வணிகச் சட்டப்படி பதிவும் செய்துகொள்ளுங்கள். நாம் அதை மாற்றத்திற்குப் பிறகுதான் செய்தோம். முன்பே செய்திருந்தால் அந்த இரண்டு மாதப் பேச்சும் இருந்திராது. பில் புத்தகத்தில் இருவர் பெயரையும் அச்சிட்டு, கல்லாவுக்கு இரண்டு சாவி வைத்த பிறகுதான் ஊரும் அடங்கியது.

அலுப்பா, பொருந்தாமையா?

இங்கே ஓர் எச்சரிக்கை. காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு பத்தரைக்கு அடைத்து, வருடத்தில் நான்கு நாள் மட்டும் விடுமுறை எடுக்கிறவருக்கு எந்த வேலையும் பிடிக்காது. பொருந்திய வேலையும் கசக்கும்.

1959-இல் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் இரு துணையாசிரியர்களோடு ஒரு நூல் வெளியிட்டார். பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்கர்களையும் சந்தித்து, வேலையில் மிக மகிழ்ந்த நேரம் எது, மிக நொந்த நேரம் எது என்று கேட்டு எழுதியது. நொந்த நேரத்திற்கு மேலதிகாரி, நிர்வாக முறை, சம்பளம், வேலைச் சூழல் போன்றவற்றைக் காரணமாகச் சொன்னார்கள். மகிழ்ந்த நேரத்திற்குச் சொன்ன காரணங்கள் வேறு: ஒன்றைச் சாதித்தது, பாராட்டப்பட்டது, பொறுப்புக் கிடைத்தது, வேலையே பிடித்திருந்தது. சூழலைச் சரிசெய்தால் நோவு குறையும். ஆனால் அதனாலேயே மகிழ்ச்சி வந்துவிடாது என்பது அவர் முடிவு. நல்லது நடந்தால் தன்னையும் கெட்டது நடந்தால் பிறரையும் சொல்வது மனித இயல்புதானே, அதனால் வந்த முடிவு இது என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். (நம் கடைகளிலும் இந்த இயல்புக்குப் பஞ்சமில்லை.) அந்த வாதம் அறிஞர்களோடு இருக்கட்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வழி நமக்குப் பயன்படும்.

ஆகவே முதலில் சூழலைச் சரிசெய்யுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பணியாளருக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை தரச் சொல்கிறது. நின்றுகொண்டே வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-இல் திருத்தம் வந்தது. அந்த விடுமுறையையும் நாற்காலியையும் முதலாளியும் எடுத்துக்கொள்ளலாமே. வாரத்தில் அரை நாள் கடை அடைத்து மூன்று மாதம் பாருங்கள். கசப்பு போய்விட்டால் அது அலுப்பு. போகாவிட்டால் மேலே படியுங்கள்.

சிட்டையின் கடைசிப் பக்கம்

எந்த வேலை நமக்குப் பொருந்துகிறது என்பது நமக்கே தெரிவதில்லை. இது வியப்பாகத் தோன்றும். சிகாகோவில் பேராசிரியராக இருந்த மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்பவர் பலரிடம் பேஜர் கருவியைக் கொடுத்து, அது நினையாத நேரத்தில் ஒலிக்கும்போதெல்லாம், அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள், மனநிலை எப்படி என்று குறிக்கச் சொன்னார். 1989-இல் வந்த அவர்களுடைய ஆய்வு, மனம் முழுதும் ஒன்றிப்போன நேரங்கள் ஓய்வைவிட வேலையில்தான் அதிகம் வந்தன என்று காட்டியது. ஆனால் வேலையில் இருக்கும்போது அதே மனிதர்கள் வேறு எங்காவது இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். வாய் சொல்வது ஒன்று, நேரம் சொல்வது வேறு.

நமக்குப் பேஜர் வேண்டாம். சிட்டையின் கடைசிப் பக்கம் போதும். ஒரு மாதம், கடை அடைக்கும்போது மூன்று வரி எழுதுங்கள். இன்று நேரம் போனது தெரியாமல் செய்த வேலை எது? நகராமல் நின்ற நேரம் எது? நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டது எது? பிடித்தது, பிடிக்காதது என்று எழுத வேண்டாம். அதில் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்வோம். மூன்றாவது வரிதான் உண்மையைப் பிட்டு வைக்கும். ஒரு மாதத்தில் இருபது நாள் கணக்கைத் தள்ளிப் போட்டிருந்தால், நீங்கள் கணக்குக்கு ஏற்ற ஆள் இல்லை. அதற்கு ஆள் வையுங்கள். அல்லது வேலையைக் குறையுங்கள். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்கு உட்பட்ட கடைக்காரர் ஜிஎஸ்டியில் இணக்கமுறைத் திட்டத்தில் சேர்ந்தால் வரிக்குட்பட்ட விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும். விவரக் கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை, வரி மூன்று மாதத்திற்கு ஒருமுறை. ஆனால் வாங்கிய சரக்கின் வரியைக் கழிக்க முடியாது. வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவும் கூடாது. வெளிமாநிலத்துக்கு விற்கவும் முடியாது. உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று தணிக்கையாளரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

தொழிலே பொருந்தாவிட்டால்

எல்லா இடத்திலும் உட்கார்ந்து பார்த்தும் எதிலும் மனம் ஒட்டாதவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களைக் கடைக்குள் கட்டிப்போடுவது கடைக்கும் நல்லதல்ல.

கோவை ஜி.டி. நாயுடு அவர்களை நாம் எல்லோரும் விஞ்ஞானியாக அறிவோம். அவர் பஞ்சு வியாபாரியாகவும் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வணிகத்தில் கைப்பணத்தை இழந்து திரும்பியவர் அவர். ஆனால் அதற்கு முன்பே அவருடைய வேலை எது என்பதற்கு அடையாளம் இருந்தது. இளம் வயதில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, அதை வாங்குவதற்காகவே ஓட்டலில் பரிமாறும் வேலை செய்து காசு சேர்த்து, வாங்கியதும் அதைப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டியவர். 1920-இல் ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். பிறகு நடந்தது நாடறிந்தது. வணிகத்தை அவர் விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். பஸ் கம்பெனியும் வணிகம்தான். இயந்திரத்தோடு சேர்ந்த வணிகம்.

பிள்ளைகள் விஷயத்திற்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1908-இல் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் இளைஞர்களுக்குத் தொழில் தேர்வில் வழி காட்ட ஓர் அலுவலகம் தொடங்கினார். அவரே பொறியாளர், ஆசிரியர், வழக்கறிஞர் என்று பல தொழில் பார்த்தவர். அவர் சொன்னது மூன்று: தன்னை அறிவது, வேலையை அறிவது, இரண்டையும் பொருத்திப் பார்ப்பது. நாம் பிள்ளைகளிடம் நடுவில் உள்ளதைக்கூடச் செய்வதில்லை. கடைக்குப் பின்னால் வீடு இருந்தும், கொள்முதல் எப்படி நடக்கிறது என்று தெரியாத மகன்கள் நிறைய. அவன் அறிந்ததெல்லாம், அப்பா களைத்துப்போய் இரவு பதினொன்றுக்குச் சாப்பிடும் காட்சி. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை ஐ.டி. கம்பெனி என்று சொன்னால் அவனைக் குறை சொல்ல நமக்கு நியாயமில்லை.

கோடை விடுமுறையில் வாரம் ஒரு இடமாக உட்கார வையுங்கள். ஒரு வாரம் மண்டி, ஒரு வாரம் தராசு, ஒரு வாரம் கணக்கு. கடைசியில் ஐயாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு அலமாரித் தட்டை அவன் பொறுப்பில் விடுங்கள். என்ன சரக்கு, என்ன விலை என்பதை அவனே முடிவு செய்யட்டும். நஷ்டம் வந்தால் திட்டாதீர்கள்; ஒரு பருவக் கல்லூரிக் கட்டணத்தைவிட அது குறைவு. அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் மனமார அனுப்பிவையுங்கள்.

மகளையும் உட்கார வையுங்கள். நாம் மகனை மூன்று விடுமுறை முயன்று பார்த்தோம். அவன் இப்போது கால்நடை மருத்துவம் படித்து வெளியூரில் இருக்கிறான், சந்தோஷமாக இருக்கிறான். மகளைக் கேட்கவே இல்லை. பி.காம். முடித்துவிட்டு, 2018-இல் ஜிஎஸ்டி கணக்கில் நாம் திணறியபோது, "கொடுங்கப்பா, நான் பார்க்கிறேன்" என்று தானாக வாங்கிக்கொண்டது அந்தப் பெண். இரண்டு வருடத்து வித்தியாசத்தை இரண்டு வாரத்தில் எடுத்துக் கொடுத்தது. திருமணமாகி அடுத்த தெருவில்தான் இருக்கிறது. நம் கடைக் கணக்கோடு வேறு நான்கு கடைக் கணக்கும் பார்க்கிறது.

வசூலைப் பற்றிச் சொல்கிறோம் என்றோம். பாக்கி வசூல் நம் கடையில் யாருக்கும் பொருந்தவில்லை. தம்பிக்கு வாய் வரவில்லை. நமக்குக் கோபம் வருகிறது. மகள் போனில் கேட்டால் "அப்பாவிடம் பேசிக்கொள்கிறோம்" என்கிறார்கள். வசூலுக்கென்று ஆள் வைத்துப் பார்த்தோம். அவர் இரண்டு நல்ல வாடிக்கையை உடைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, முறை வைத்து ஒருவர் போகிறோம். இந்த வாரம் நம் முறை.